வென் என்ற சொல்லுக்கு நான் கட்டிய அபராதம்

எங்கள் ஊர் கூட்ஸ் ஷெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பழைய நண்பர் ஒருவர் விடாமல் கேட்பார், "டெமரேஜ் கதையை எப்போது எழுதப் போகிறீர்?" என்று. எழுத வேண்டாம் என்று இல்லை. அது வெறும் டெமரேஜ் கதை அல்ல, ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையும்கூட. அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் பாதிக் கதைதான் ஆகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்தது. நூலகத்தில் இருந்த ஆங்கில மொழி வரலாற்றுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இப்போது சொல்லலாம்.

1966-ல் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். கணக்கப்பிள்ளைக்கு எடுபிடி. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன் என்பதால், தந்தி வந்தால் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாளி தந்தியை நீட்டுவார், நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடக்கென்று தமிழில் சொல்வேன். கணக்கப்பிள்ளை கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்ப்பார்.

மறு வருஷம் சித்திரையில் எங்களுக்கு ஒரு வேகன் துவரம்பருப்பு வர வேண்டியிருந்தது. சரக்கை அனுப்பியவர்கள் மெட்ராஸ் கம்பெனி ஒன்று. ரயில்வே ரசீது, அதாவது ஆர்.ஆர்., அவர்கள் கையில் இருந்தது. அது வந்தால்தான் சரக்கை எடுக்க முடியும். அவர்களிடமிருந்து ஒரு தந்தி. நாலே சொல்: 'வயர் வென் வேகன் அரைவ்ஸ்'.

"என்ன தம்பி கேக்கான்?" என்றார் முதலாளி.

"வேகன் எப்ப வரும்னு தந்தி குடுக்கச் சொல்றாங்க, மொதலாளி."

"சரி, கூட்ஸ் ஷெட்ல கேட்டுச் சொல்லிரு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வியாழக்கிழமை வந்துவிடும் என்றார்கள். 'எக்ஸ்பெக்டட் தர்ஸ்டே' என்று பதில் தந்தி கொடுத்தேன். முடிந்தது வேலை என்று நினைத்தேன். வேகனும் சொன்னபடி வியாழக்கிழமையே வந்து நின்றது. ஆர்.ஆர். வரவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஆர்.ஆர். தபாலில் வந்துகொண்டிருக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். அங்கே மெட்ராஸில் அவர்களோ, வேகன் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, வந்தால் தந்தி வருமே என்று காத்திருந்தார்கள். திங்கட்கிழமை முதலாளி டிரங்க் கால் போட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் கேட்டது வேகன் எப்போது வரும் என்பதை அல்ல. வேகன் வந்து சேர்ந்ததும் ஒரு தந்தி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தந்தி கிடைத்ததும் ஆளிடம் ஆர்.ஆரைக் கொடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது, முதலாளிக்கு மறந்துவிட்டது.

இலவச நேரம் போக மிச்ச நாட்களுக்கு டெமரேஜ் கட்ட வேண்டியதாயிற்று. என் சம்பளம் அப்போது மாதம் 75 ரூபாய். அதில் மாதம் பத்து ரூபாயாக ஐந்து மாதம் பிடித்தார் முதலாளி. மொத்த நஷ்டத்தில் அது ஒரு சிறு பங்குதான், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் அம்மாவிடம் 65 ரூபாயைக் கொடுத்துக் காரணம் சொன்னபோது, "இங்கிலீசு தெரியும்னுதானே உன்னை வச்சிருக்காக?" என்று கேட்டாள். அதற்குப் பதில் இல்லை.

எங்கள் தெருவில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்று இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் தந்தியை எடுத்துக்கொண்டு போனேன். "சார், இதுல என் தப்பு என்ன?" என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ சொன்ன அர்த்தமும் இருக்கு, அவங்க நினைச்ச அர்த்தமும் இருக்கு. உனக்குக் கிளாஸ் அனாலிசிஸ் சொல்லிக் குடுத்தவர் யாரு?" என்றார். பிறகு நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் மூன்று வாக்கியம் எழுதினார்.

ஐ நோ வென் த ட்ரெயின் லெஃப்ட். ஐ ரிமெம்பர் த டே வென் த ட்ரெயின் லெஃப்ட். ஐ க்ரைட் வென் த ட்ரெயின் லெஃப்ட்.

'வென் த ட்ரெயின் லெஃப்ட்' என்ற நாலு சொல்லும் மூன்றிலும் அப்படியே இருக்கின்றன, ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் அது ஒரு பெயர்ச்சொல்லின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு எது தெரியும்? ரயில் எப்போது கிளம்பியது என்பது தெரியும். இரண்டாவதில் 'டே' என்ற பெயருக்கு அடைமொழி. எந்த நாள்? ரயில் கிளம்பிய நாள். மூன்றாவதில் அழுத வினைக்குக் காலம் சொல்கிறது. எப்போது அழுதேன்? ரயில் கிளம்பியபோது. நவுன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தது இதுதான்.

"சொல்லைப் பாத்து அர்த்தம் சொல்லாதே. அது எதோட ஒட்டியிருக்குன்னு பாரு" என்றார். பிறகு என் தந்தியை எடுத்து வைத்தார். 'வயர்' என்பது தந்தி கொடு என்னும் வினை. எதைத் தந்தியில் சொல்வது என்று கேட்டால், வேகன் எப்போது வரும் என்பதை. அது நவுன் கிளாஸ், அது நான் எடுத்துக்கொண்ட பொருள். எப்போது தந்தி கொடுப்பது என்று கேட்டால், வேகன் வந்ததும். அது அட்வெர்ப் கிளாஸ், மெட்ராஸ்காரர்கள் எண்ணிய பொருள். நாலு சொல்லில் இரண்டு வாக்கியம் குடியிருந்திருக்கிறது.

இந்தப் பகுப்பு முறை நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதும் அல்ல. முந்தைய ஆங்கில இலக்கணங்கள் பெரும்பாலும் சொல் சொல்லாகப் பிரித்துக் குறிப்புச் சொல்வதோடு நின்றன. வாக்கியத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் வழியை ஜெர்மனியில் பெக்கர் என்பவர் வகுத்தார். அதை இங்கிலாந்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜே. டி. மோரெல் என்ற பள்ளி ஆய்வாளர். அவருடைய வாக்கியப் பகுப்புப் புத்தகம் 1852-ல் வந்தது. இந்தியப் பள்ளிகளுக்கு நெஸ்ஃபீல்டு இலக்கணம் வழியாகவும், பின்னால் ரென் அண்டு மார்ட்டின் வழியாகவும் அது வந்து சேர்ந்தது. அந்த ரென், பிரெஞ்சு அயல்நாட்டுப் படையைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதிய பி. சி. ரென். பாலைவனக் கோட்டையில் செத்த சிப்பாய்களை நிற்க வைத்துக் காவல் காட்டிய கதையை எழுதியவரா நமக்கு நவுன் கிளாஸ் சொல்லிக்கொடுத்தார் என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சார் கடைசியாகக் கேட்ட கேள்விதான் என்னை இத்தனை வருஷம் துரத்தியது. "தமிழ்ல இந்தக் குழப்பம் வருமா, சொல்லு பாப்போம்?"

வராது. 'வேகன் எப்போது வரும் என்று தந்தி கொடு', 'வேகன் வந்ததும் தந்தி கொடு'. இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் மாற்றிப் புரிந்துகொள்ள முடியாது. அந்த மூன்று ரயில் வாக்கியங்களையும் தமிழில் பாருங்கள். ரயில் எப்போது கிளம்பியது என்று தெரியும், ரயில் கிளம்பிய நாள், ரயில் கிளம்பியபோது. எப்போது என்ற கேள்விச் சொல் முதல் வாக்கியத்தில் மட்டும்தான். இரண்டாவதில் பெயரெச்சம். மூன்றாவதில் 'போது'. நாம் கேள்விச் சொல்லைக் கேள்வி இருக்கும் இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டோம். ஆங்கிலம் ஏன் அதைக் கண்ட இடத்திலெல்லாம் வைத்தது?

ஓய்வுக்குப் பிறகு படித்தபோது கிடைத்த பதில் எனக்கு எதிர்பாராதது. ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது.

ஆங்கிலத்தின் பழைய வடிவம், ஆல்ஃபிரட் அரசர் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில், எழுதப்பட்டது இன்றைய ஆங்கிலேயருக்கே பாடம் கேட்காமல் புரியாது. அதில் இரண்டு குடும்பமாகச் சொற்கள் உண்டு. ஒன்று கேட்கும் குடும்பம்: எப்போது என்பதற்கு 'ஹ்வென்னெ', எங்கே என்பதற்கு 'ஹ்வேர்', எப்படி என்பதற்கு 'ஹூ', எதனால் என்பதற்கு 'ஹ்வி'. மற்றது சுட்டும் குடும்பம்: அப்போது என்பதற்கு 'தா' அல்லது 'தொன்னெ', அங்கே என்பதற்கு 'தேர்'. நம்முடைய எகரமும் அகரமும் போலவே. எங்கே, அங்கே, எப்போது, அப்போது, எப்படி, அப்படி. இன்றைய ஆங்கிலத்திலும் வேர், தேர் என்றும் வென், தென் என்றும் அந்த ஜோடிகள் மிச்சம் இருக்கின்றன. (தமிழில் எழுதினால் வேரும் தேரும் நம் ஊர்ச் சமாசாரம் மாதிரி ஆகிவிடுகின்றன. வேறு வழியில்லை.)

இதில் கவனிக்க வேண்டியது, அன்றைக்குக் கேட்கும் குடும்பம் கேள்வி கேட்கத்தான் பயன்பட்டது. நேர்க்கேள்விக்கும், அவன் எங்கே என்று கேட்டான் என்பது போன்ற மறைமுகக் கேள்விக்கும் அது உரியது. 'அரசன் வந்தபோது' என்று சொல்ல வேண்டுமானால் சுட்டுச்சொல்லைத்தான் போட்டார்கள். ஒரே 'தா' என்ற சொல் 'அப்போது' என்றும் பொருள்படும், 'போது' என்றும் பொருள்படும். அப்படியானால் குழப்பம் வராதா? வராமல் காத்தது வினை நிற்கும் இடம். 'தா கோம் செ குனிங்' என்றால், தா என்பதை அடுத்து உடனே வந்தான் என்ற வினை இருக்கிறது. பொருள், அப்போது அரசன் வந்தான். 'தா செ குனிங் கோம்' என்று வினையைக் கடைசிக்குத் தள்ளினால், அரசன் வந்தபோது. வினை கடைசிக்குப் போனதும் அது துணை வாக்கியம், இன்னும் சொல்ல இருக்கிறது என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு அந்தப் பழைய ஆங்கிலம் கொஞ்சம் சொந்தக்காரன் மாதிரித் தெரிகிறது.

இன்னொரு வேறுபாடும் இருந்தது. ஒரே ஒருமுறை நடந்து முடிந்ததற்கு 'தா'. திரும்பத் திரும்ப நடப்பதற்கும் இனி நடக்கப்போவதற்கும் 'தொன்னெ'. என் வேகன் அந்தக் காலத்தில் வந்திருந்தால் தந்தியில் 'தொன்னெ' என்று இருந்திருக்கும், கேள்வியாக இருந்தால் 'ஹ்வென்னெ' என்று இருந்திருக்கும். ஐம்பது ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் 1066 வந்தது. நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, மடாலயத்தில் லத்தீன், வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம். எழுத்தர்கள் பழைய 'ஹ்வ' என்ற எழுத்துக்கூட்டைத் திருப்பிப் போட்டு, இன்று நாம் எழுதும் டபிள்யூ-ஹெச் ஆக்கியதும் அதன் பிறகுதான். சொல்லின் தொடக்கத்தில் ஹெச் ஓசை முதலில் வந்ததுதான் உண்மை. ஸ்பெல்லிங் டெஸ்டில் அடி வாங்கியவர்கள் இதற்காக அந்த எழுத்தர்களைக் கோபித்துக்கொள்ளலாம்.

இலக்கணம் உடனே மாறிவிடவில்லை. பீட்டர்பரோ மடாலயத்தில் எழுதி வந்த ஆண்டுக் குறிப்பு 1154-ல் முடிகிறது. அதில் ஸ்டீஃபன் அரசர் இங்கிலாந்துக்கு வந்ததைச் சொல்லும் இடத்தில் இன்னும் பழைய முறைப்படி 'தா' என்று தொடங்கி, அடுத்த பாதியையும் 'தா' என்றே தொடங்குகிறார்கள். படையெடுப்பு நடந்து எண்பத்தெட்டு ஆண்டு. பிடிவாதமான மொழிதான்.

ஆனால் அதற்கு அடுத்த இருநூறு ஆண்டில் கதை மாறிவிட்டது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' வென் என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. கல்லூரிக்குப் போன நம்மில் பலர் அதைப் பாடமாகப் படித்திருப்போம். அந்த முதல் வாக்கியம் பதினெட்டு வரி நீளம். சித்திரை மழையும் இளவேனில் காற்றும் என்று வென் வென்னாக அடுக்கிக்கொண்டே போய், பன்னிரண்டாவது வரியில்தான் 'தென்' என்று முதன்மை வாக்கியம் எட்டிப் பார்க்கிறது. எப்போது இப்படியெல்லாம் நடக்கிறதோ, அப்போது மக்களுக்கு யாத்திரை போகும் ஆசை வருகிறது என்ற கட்டுமானம். கேள்விச் சொல் இங்கே எதையும் கேட்கவில்லை. சுட்டுச்சொல் இருந்த நாற்காலியில் அது வந்து உட்கார்ந்துவிட்டது. சுட்டுச்சொல்லுக்கு எதிரொலி போடும் வேலை மட்டும் மிச்சம்.

எப்படி வந்து உட்கார்ந்தது? அறிஞர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்த வழி. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வா ஹ்வேர் ஸ்வா' என்று ஒரு தொடர் உண்டு. எங்கெங்கு ஆனாலும் அங்கே என்று பொருள். கேள்விச் சொல்லை இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடத்திய மாதிரி. நாளாவட்டத்தில் கைத்தாங்கல் உதிர்ந்து 'ஹ்வேர்' மட்டும் தனியே நடக்கப் பழகியது. மற்றது வெளியிலிருந்து வந்த வழி. லத்தீனில் 'உபி' என்ற ஒரே சொல் எங்கே என்று கேட்கவும் உதவும், இடம் காட்டும் துணை வாக்கியத்தைத் தொடங்கவும் உதவும். பிரெஞ்சில் 'ஊ', 'கான்' இரண்டும் அப்படியே. லத்தீன் வேதாகமத்தை 1380-களில் விக்ளிஃப் குழுவினர் ஆங்கிலமாக்கினார்கள். அது போன்ற மொழிபெயர்ப்புகளைச் செய்தவர்கள் லத்தீனில் ஒரு சொல் இருந்த இடத்தில் ஆங்கிலத்திலும் ஒரு சொல்லைத் தேடுவது இயற்கை. இதில் எந்த வழிக்கு எத்தனை பங்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எனக்குத் தோன்றுவது, வீட்டுக் கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது, விருந்தாளி வந்து முழுதாகத் தள்ளினார் என்பதுதான்.

புதிய வேலையில் அந்தச் சொற்களுக்கு ஆரம்பத்தில் தன்னம்பிக்கை இல்லை. சாசரில் வெறும் வென் என்பதோடு 'வென் தட்', 'வேர் தட்', 'ஹவ் தட்' என்று பின்னால் ஒரு 'தட்' முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்க்கலாம். இது கேள்வி இல்லை, துணை வாக்கியம் தொடங்குகிறது என்று அறிவிக்கும் முட்டு. இருநூறு ஆண்டு கழித்து ஷேக்ஸ்பியரிலும் அது இருக்கிறது. 'டுவெல்த் நைட்' நாடகத்தின் கடைசியில் விதூஷகன் பாடும் பாட்டு 'வென் தட்' என்றுதான் தொடங்குகிறது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழில் இப்படி நடக்காது என்று இத்தனை வருஷமாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தேனே, அது சரிதானா? 'ஏனென்றால்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஏன் என்பது கேள்வி. 'ஏனென்றால்' என்பது யாரையும் எதையும் கேட்கவில்லை, காரணத்தைத் தொடங்கிவைக்கிறது. கிரயப் பத்திரத்தில் 'எழுதிக்கொடுத்த பத்திரம் என்னவென்றால்' என்று வரும். அங்கேயும் என்ன என்பது கேள்வி அல்ல. ஆக, கேள்விச் சொல்லை இணைப்புச் சொல்லாக வேலை வாங்கும் ஆசை நமக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், 'என்றால்' என்ற முட்டை நாம் எடுக்கவே இல்லை. ஆங்கிலம் தன் 'தட்'டை எடுத்துவிட்டது. முட்டை எடுத்த இடத்தில்தான் என் வேகன் மாட்டிக்கொண்டது.

பத்திரம் என்றதும் நினைவு வருகிறது. 'வேர்ஆஸ்' என்ற சொல்லைப் பத்திர அலுவலகம் பக்கம் போன யாரும் மறக்க மாட்டார்கள். வேர் என்பதும் ஆஸ் என்பதும் சேர்ந்த சொல், ஆரம்பத்தில் 'எங்கேயோ அங்கே' என்ற இடப் பொருளும் அதற்கு உண்டு. சட்டக்காரர்கள் கையில் அது 'இன்ன நிலைமை இருப்பதால்' என்று ஆயிற்று. 1837-ல் மெக்காலே குழு வரைவு செய்து 1860-ல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முகப்புரை இந்தச் சொல்லில்தான் தொடங்கியது. இந்தியாவுக்கு ஒரு பொதுவான தண்டனைச் சட்டம் தேவைப்படுவதால் என்று பொருள். இடம் காட்டிய சொல் காரணம் காட்டப் போய்விட்டது. பேச்சு ஆங்கிலத்தில் அதே சொல் 'அதற்கு மாறாக' என்ற பொருளில் இன்னொரு பக்கம் நடக்கிறது.

போனவையும் உண்டு. எங்கே என்பதற்கு வேர், எங்கிருந்து என்பதற்கு வென்ஸ், எங்கே நோக்கி என்பதற்கு விதர் என்று மூன்று இருந்தன. 1611-ஆம் ஆண்டு வேதாகமத்தைப் படித்தவர்களுக்கு மூன்றும் பழக்கம். இன்று வேர் ஒன்றே மூன்று பேர் வேலையையும் பார்க்கிறது, துணைக்கு 'ஃப்ரம்' போன்ற ஒரு சின்னச் சொல்லைக் கூட்டிக்கொண்டு.

நாலு சொற்களும் ஒரே மாதிரி வளரவும் இல்லை. வென், வேர் இரண்டும் மூன்று வேலையும் பார்க்கும். 'ஒய்' பெயரின் இடத்தில் நிற்கும், 'ரீசன்' என்ற ஒரு பெயரோடு மட்டும் அடைமொழியாக ஒட்டும். அதையும் 'ரீசன் ஒய்' என்று சொல்வது கூறியது கூறல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வினைக்குக் காரணம் சொல்ல அதனால் ஆகாது, அதற்கு 'பிகாஸ்' இருக்கிறது. 'ஹவ்' இன்னும் வேடிக்கை. 'த வே ஹவ்' என்று 17-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார்கள். இன்று அப்படி எழுதினால் சிவப்பு மை. 'த வே' என்று சொல், அல்லது 'ஹவ்' என்று சொல், இரண்டையும் சேர்க்காதே என்கிறது இலக்கணம். நான் ஆபீஸில் வருஷக்கணக்கில் 'த வே ஹவ்' என்றுதான் எழுதினேன். யாரும் திருத்தவில்லை, திருத்தத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கேள்விக்கும் துணை வாக்கியத்துக்கும் நடுவே இன்று ஆங்கிலம் வைத்திருக்கும் வேலி சொல் வரிசை ஒன்றுதான். நேர்க்கேள்வியில் துணைவினை முன்னால் வரும், 'வென் வில் ஹி கம்'. துணை வாக்கியத்தில் பின்னால் போகும், 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்'. நம்மவர்கள் பலர் 'ஐ டோன்ட் நோ வென் வில் ஹி கம்' என்று சொல்லிவிடுவது இந்த வேலியைத் தாண்டுவதால்தான். தமிழில் அவன் எப்போது வருவான் என்பதை மாற்றாமலே, 'என்று தெரியாது' என்று ஒட்டிவிடுகிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் வருகிறது. பேரன் பேத்திகளைத் திட்டாதீர்கள்.

நவுன் கிளாஸுக்கும் அட்வெர்ப் கிளாஸுக்கும் நடுவே இந்த வேலியும் கிடையாது. அங்கே ஒரு சின்ன அடையாளம் மட்டும் உண்டு. காலம் காட்டும் துணை வாக்கியத்தில், இனி நடக்கப்போவதைச் சொன்னாலும், இன்றைய ஆங்கிலத்தில் 'வில்' போடுவதில்லை. 'வென் ஹி கம்ஸ்' என்றால் அவன் வந்ததும். 'வென் ஹி வில் கம்' என்றால் அவன் எப்போது வருவான் என்பது. பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்குத் தனி வினை வடிவமே இல்லை, நிகழ்காலமே இரண்டையும் பார்த்துக்கொண்டது. நடுவில் 1611 வேதாகமம் காலம் காட்டும் இடத்திலும் 'ஷால்' தாராளமாகப் போட்டது. பிறகு அது உதிர்ந்து, மறுபடி வெறும் நிகழ்காலத்துக்கே வந்துவிட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று என் தந்தியை நினைத்துப் பார்த்தேன். 'அரைவ்ஸ்' என்றுதானே இருந்தது, 'வில் அரைவ்' என்று இல்லையே! இலக்கணப்படி மெட்ராஸ்காரர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் என் பக்கமும் இரண்டு வாதம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் காசு வாங்கும் தந்தியில் 'வில்' என்பதை யார் போடுவார்கள்? தவிர, ரயில் கால அட்டவணைப்படி வருவதற்கு 'வில்' இல்லாமலே 'அரைவ்ஸ்' என்று சொல்வது ஆங்கிலத்தில் வழக்கம். ரயில்வே ஸ்டேஷனையே சுற்றிக்கொண்டிருந்த பத்தொன்பது வயசுப் பையனுக்கு அந்த 'அரைவ்ஸ்' அட்டவணை மாதிரித்தான் கேட்டது. இந்த வாதத்தை முதலாளியிடம் வைக்க முடியாது, அவர் காலமாகி வெகுநாள் ஆகிறது. தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது.

சாரிடம் அந்த நாள்காட்டித் தாளைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மறுநாள் மண்டியில் கணக்கப்பிள்ளையிடம் காட்டினேன். மூன்று வாக்கியத்தையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் எண்களும் ஊர்ப் பெயர்களும் அளவுக்குத்தான். கேட்டு முடித்துவிட்டு, பழைய தந்திக் கோப்பை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். பம்பாயிலிருந்தும் குல்பர்காவிலிருந்தும் வந்த தந்திகள், எல்லாம் அவர் காலத்தவை. புரட்டிப் பார்த்தேன். விவரம் தெரிந்த வியாபாரிகள் யாரும் வென் என்று எழுதவே இல்லை. 'வயர் ஆன் அரைவல்' என்று எழுதியிருந்தார்கள். கிளாஸே இல்லை. மூன்று சொல், ஒரு சொல்லுக்கு உரிய காசும் மிச்சம்.

"இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே, அண்ணாச்சி?" என்றேன்.

"நீ கேக்கலையே தம்பி" என்றார்.